சுத்தம் செய்த குரல்

மதியச் சாப்பாடு முடிந்து பாப்பா பள்ளிக் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய குரலே ஸ்பீக்கரில் வந்தது.

“வணக்கம். நான் இன்னைக்குச் சொல்லப் போற புத்தகம், ஒரு பெரிய ஹோட்டல்ல நடக்குற திருட்டுகளைப் பத்தின நாவல். கதையைச் சொல்றது அங்க ரூம் கூட்டுற பொண்ணு…”

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றாள். குரல் அவளுடையதுதான். வாக்கியத்தின் கடைசியில் லேசாக இழுக்கும் பழக்கமும் அவளுடையதுதான். ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து பாப்பா இப்படித் தடங்கல் இல்லாமல் இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

அவளுக்குத் திக்கும். ‘ப’வில் தொடங்கும் சொல் என்றால் உதடு ஒட்டிக்கொண்டு பிரியாது. ‘க’ என்றால் தொண்டையிலேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்பு வந்த பிறகும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். வகுப்பில் வைத்த பெயர் வேறு. ரிப்பீட்டு.

“ஏய், ரிப்பீட்டு பேசுதுடா! நிக்காம பேசுது!” என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பாப்பா அவர்களைப் பார்க்கவில்லை. ஒரு வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் அந்த நாவலைப் பற்றிச் சொல்ல நினைத்ததே அந்த ஒரு வாக்கியம்தான். அது வரவில்லை.

“…கண்டிப்பா எல்லாரும் படிங்க. நன்றி,” என்று முடிந்து, இசை வந்து, நின்றுவிட்டது.

டப்பாவின் மூடியை அங்கேயே விட்டுவிட்டு நூலகத்தை நோக்கி நடந்தாள்.

அந்த வருடம்தான் நூலக மிஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இளவயது, வாய் நிறையச் சிரிப்பு. அவர் வருவதற்கு முன் நூலகம் என்பது பீரோக்களைப் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தூசி தட்டும் இடமாக இருந்தது. அவர் முதலில் சாவிகளைத் தேடிப் பிடித்தார். பிறகு ‘வாசிச்சாச்சா?’ என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். வாரத்துக்கு ஒருவர், படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். மதிய இடைவேளையில் ஸ்பீக்கரில் போடுவார்கள். பிறகு பெற்றோர்களின் குழுவுக்கும் அனுப்புவார்கள். நிஜமாகவே பலன் இருந்தது. பேன் பார்க்கவும் அரட்டை அடிக்கவும் மட்டுமே நூலகத்துக்கு வந்த கூட்டம், “நேத்து சொன்ன அந்தப் பேய்க் கதை இருக்கா மிஸ்?” என்று கேட்டு வர ஆரம்பித்தது.

பள்ளியிலேயே அதிகம் படிப்பவள் பாப்பா. அவளை விட்டுவிட்டு எப்படி? மிஸ் விடாமல் கேட்டார். பாப்பா விடாமல் தலையாட்டி மறுத்தாள். கடைசியில் மிஸ் சொன்னது இதுதான்: “நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. திக்கினா திக்கட்டும்மா, என்ன இப்போ? மூணு நிமிஷக் கணக்கெல்லாம் உனக்குக் கிடையாது.”

அதை அவள் நம்பினாள். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த சிறிய அறையில், கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, பள்ளியின் போனை முன்னால் வைத்துக்கொண்டு தனியாகப் பேசினாள். வியர்த்து ஊற்றியது. சில சொற்கள் சட்டென்று வந்தன. சிலவற்றை முட்டி மோதித் தள்ள வேண்டியிருந்தது. முடிவுக்கு முன்னால் அந்த வாக்கியம். அது ‘க’வில் தொடங்கியது. “கடைசி அத்தியாயத்துல எழுதினவரு நம்மள ஏமாத்திட்டாரு, அதுக்கு முன்னாடியே புத்தகத்தை மூடி வச்சுட்டு, திருடன் யாருன்னு நீங்களே ஒரு முடிவு யோசிங்க.” எளிதான சொல்லாக மாற்றிக்கொண்டிருக்கலாம், அப்படி மாற்றிப் பேசித்தான் அவள் இத்தனை வருடம் ஓட்டியிருந்தாள். அன்றைக்கு மாற்றவில்லை. ‘கடைசி’யைச் சொல்லியே தீர்வது என்று நின்று, சொல்லி முடித்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலியால் அல்ல, மகிழ்ச்சியால்.

இப்போது நூலகத்துக்குள் நுழைந்தவுடன் மிஸ் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எப்படி வந்திருக்கு பார்த்தியா! ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசறாங்க!”

பாப்பா கைகளை உருவிக்கொண்டாள். “எ… எ… என்னோட க…”

“கதை நல்லாச் சொல்லியிருக்கே.”

பாப்பா தலையை ஆட்டி மறுத்தாள். “க… க…”

“கம்ப்யூட்டர் சார்தான் எடிட் பண்ணினாரு. நல்லாப் பண்ணியிருக்காருல்ல?”

இது இன்னொரு கொடுமை. அவள் ஒரு சொல்லில் நிற்கும்போது எதிரில் இருப்பவர் தனக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு நிரப்பிவிடுவார். பெரும்பாலும் தப்பாக. பிறகு அதற்கே பதிலும் சொல்லிக்கொள்வார். பாப்பா மேசையைப் படீரென்று தட்டினாள். படித்துக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள் நிமிர்ந்தார்கள்.

“க-கடைசி அத்தியாயம் பத்தி நான் சொன்னது எ-எங்க மிஸ்?”

மிஸ்ஸின் முகம் மாறியது. “அது ரொம்ப நேரம் எடுத்ததும்மா. சாருக்கு அதை ஒட்ட வைக்க முடியல. அதனால அந்த இடத்தை அப்படியே எடுத்துட்டாரு. மத்ததெல்லாம் சுத்தம் பண்ணி வச்சுட்டாரு.”

“சு-சுத்தமா? நான் என்ன குப்பையா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலையே! பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னுதான்… உன் நல்லதுக்குத்தானே?”

“எ-எவ்வளவு நேரம்னாலும் எடுத்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மிஸ் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்ததை பாப்பா கவனித்தாள்.

வீட்டில் இன்னும் மோசம். அம்மா ஒரு கூரியர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை பார்ப்பவர். “என் பார்சல் எங்கே?” என்று நாள் முழுக்கக் கத்துகிறவர்களைக் குழைந்து குழைந்து சமாதானம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். அன்றைக்கோ கதவைத் திறந்தபோதே அடுப்படியிலிருந்து பேச்சு கேட்டது. பாப்பாவின் பேச்சு. அம்மா போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து, கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஈர விரலால் மறுபடி தொட்டார். “வணக்கம். நான் இன்னைக்குச் சொல்லப் போற புத்தகம்…”

“அம்மா, அ-அதை நிறுத்து.”

“இரு, இரு. எத்தனை தடவை கேட்டாலும் தெவிட்டல. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. பாப்பாவின் அத்தை. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு! எந்த டாக்டர் அண்ணி? நம்பர் குடுங்க. எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே பிரச்சனை. எங்க, மருமக இருக்காளா? ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

அம்மா போனை நீட்டினார். பாப்பா குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயை வைத்து, வேண்டுமென்றே எந்தச் சொல்லையும் மாற்றாமல் பேசினாள். “ட… ட… டாக்டர் இல்ல அத்த. க… க… கத்திரி. வெ… வெட்டி ஒட்டினது.”

“ஐயய்யோ,” என்றார் அத்தை மெதுவாக. “திரும்பவும் வந்துடுச்சா?”

அம்மா அவசரமாகப் போனை அணைத்தார். “ஏன்டி இப்படி மானத்தை வாங்கற? ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாரும் உன்னைப் பத்தி நல்லதா பேசிக் கேட்டேன். அது பொறுக்கலையா உனக்கு?”

“அது நா-நான் இல்லம்மா.”

“எனக்குத் தெரியாதா? பெத்தவ எனக்குத் தெரியாதா எது நீ, எது நீ இல்லன்னு? தெரிஞ்சேதான் கேட்டேன். எந்த வார்த்தையில மாட்டிக்கப் போறியோன்னு பயந்துக்காம, உன் குரலை ஒரு தடவையாவது நிம்மதியா கேக்கணும்னு இருந்துது. கேட்டேன். தப்பா?”

பாப்பா சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். தனக்கு இப்படி ஒரு மகள் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அம்மா ஏங்கும் மகள் ஒருத்தி, பாப்பாவின் குரலிலேயே, அடுப்படியில் நிற்பது போலிருந்தது. அவளை எப்படி விரட்டுவது?

அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முதலில் முடித்தவள் முன் பெஞ்சில் இருக்கும் வகுப்புத் தலைவி. இடைவேளையில் புத்தகத்தை பாப்பாவின் மேசையில் தொப்பென்று போட்டாள்.

“என்னடி இது? கதை முழுக்க பேரே வராத ஒரு ரெட்டைப் பிறவித் தம்பி, கடைசியில வந்து நான்தான் திருடன்னு நிக்கிறான்! சுத்த மொக்கை. இதைப் போயா கண்டிப்பா படிங்கன்னு சொன்ன?”

“நான் சொ-சொன்னேன். முடிவு ஏ-ஏமாத்துன்னு சொன்னேன். அவங்க வெ…”

“சும்மா கதை விடாத. நான் முழுசா கேட்டேன். அப்படி ஒண்ணும் சொல்லல நீ.”

சொன்னதற்குச் சாட்சி இல்லை. சொல்லாததற்குப் பள்ளி முழுக்கச் சாட்சி.

இதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். வாய்மொழித் தேர்வு அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு: மற்றவர்கள் எழுந்து நின்று பேசுவதை அவள் எழுதிக் கொடுப்பாள். வழக்கம்போலத் தாளை நீட்டினாள். மொழிப்பாட சார் அதைக் கையால் தொடவில்லை.

“இன்னும் எதுக்கு இதெல்லாம்? ஊருக்கே கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல பேசத் தெரியுது. என் முன்னாடி மட்டும் நாக்கு எழும்பாதோ? பேசு.”

அவள் எழுந்தாள். நாற்பது பேர் பார்த்தார்கள். முதல் சொல்லே ‘ப’. உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நடிச்சது போதும், உக்காரு. சலுகை வாங்கிப் பழகிட்டா இப்படித்தான்,” என்று சொல்லிவிட்டு ஒரு பூஜ்யம் போட்டார்.

பாப்பா உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போய், தலைமையாசிரியையின் அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு காகிதத்தில் “அம்மாவைக் கூப்பிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அம்மா வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார். அலுவலக அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அறைக்குள் தலைமையாசிரியை, நூலக மிஸ், கம்ப்யூட்டர் சார், மொழிப்பாட சார் எல்லோரும் இருந்தார்கள். தலைமையாசிரியை நல்ல பேச்சாளர். பாப்பாவின் பதிவுதான் இதுவரை வந்ததிலேயே அதிகம் பேர் கேட்டது என்றும், பள்ளிக்கே பெருமை என்றும், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றும் அழகாகப் பூசி மெழுகினார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, “அவங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்காங்க மேடம். இவதான் கொஞ்சம் பிடிவாதம்,” என்றார்.

பாப்பாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். “அதை எ-எடுத்துடுங்க. நான் பே… பே…”

“பேர் வரக் கூடாதா? சரி, பேரை எடுத்துடலாம்,” என்றார் தலைமையாசிரியை.

“பே… பே…”

“பேட்டி மாதிரி வேணுமா?” என்று கேட்டார் கம்ப்யூட்டர் சார்.

“பாருங்க,” என்றார் மொழிப்பாட சார், அம்மாவைப் பார்த்து. “ஸ்பீக்கர்ல எவ்வளவு தெளிவு! இப்போ பாருங்க. நாலு பேர் பரிதாபப்படணும்னு நடிக்கிறா. நீங்க வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்.”

அம்மாவின் கட்டிய கைகள் பிரிந்தன.

“என்ன சொன்னீங்க?”

“இல்லம்மா, நான் பொதுவா…”

“பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இவ ஒவ்வொரு வார்த்தைக்கும் படற பாட்டைப் பக்கத்துல நின்னு பார்த்தவ நான். நடிப்பா சார்? ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் போன்ல என்னைத் திட்டறாங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசினா எனக்கு வேலை போயிடும். படிச்சவங்க நாலு பேர் உக்காந்திருக்கீங்க, ஒரு பொண்ணு ஒரு வாக்கியம் முடிக்கிற வரைக்கும் பொறுமை இல்லையா?” அம்மா மூச்சு வாங்கினார். பிறகு குரல் இறங்கியது. “எனக்கும் இல்லதான். வீட்டுல நானும் இதைத்தான் பண்றேன். நீ சொல்லு பாப்பா. இவங்க கேப்பாங்க.”

பாப்பா சொன்னாள். நேரம் எடுத்தது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. “நான் பே-பேசினதை அப்படியே போடுங்க. முழுசா. இ-இல்லன்னா அதை எடுத்துடுங்க.”

கம்ப்யூட்டர் சார் கால் மாற்றி உட்கார்ந்தார். “முதல்ல பேசினது இப்ப இல்லையே. எடிட் பண்ணினதும் அழிச்சுட்டேன். தேவைப்படும்னு நினைக்கல.”

தேவைப்படும் என்று நினைக்கவில்லையாம். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் வியர்க்க வியர்க்க அவள் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்த ‘கடைசி’யை அவர் ஒரு விரலால் அழித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

“தப்பு என்னோடது மேடம்,” என்றார் நூலக மிஸ். முகத்தில் இப்போது சிரிப்பே இல்லை. “அவளுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். மூணு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னதும் பயந்துட்டேன். அவகிட்ட கேக்காமலே சார்கிட்ட குடுத்தேன். மறுபடி பதிவு பண்ணலாம். இந்தத் தடவை யாரும் கை வைக்க மாட்டாங்க.”

தலைமையாசிரியை பழைய பதிவை எடுத்துவிடுவதாகச் சொன்னார். பூஜ்யத்தை அடித்துவிட்டு, எழுதிக் கொடுத்த தாளையே திருத்தும்படி மொழிப்பாட சாரிடம் சொன்னார். அவர் “சரி” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. புதிய பதிவைப் பெற்றோர் குழுவுக்கு மட்டும் அனுப்பலாமே, ஸ்பீக்கர் எதற்கு என்று தலைமையாசிரியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். “ஸ்பீக்கர்ல,” என்றாள் பாப்பா. அந்தச் சொல் திக்காமல் வந்தது.

மறுபடி பேசிய பதிவு அடுத்த வாரம் மதிய இடைவேளையில் ஸ்பீக்கரில் தொடங்கியது. பாப்பா வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் ‘ப’வுக்கே பின்னால் சிரிப்பு கிளம்பியது. இரண்டாவது தடங்கலில் கொஞ்சம் அடங்கியது. பிறகு சிலர் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள், சிலர் கேட்டார்கள். ஹோட்டல், தொலைந்த மோதிரம், ரூம் கூட்டும் பெண்ணின் சாமர்த்தியம் எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. “க… க…” என்று அந்த வாக்கியம் தொடங்கியபோது மணி அடித்தது. மணி அடித்தால் ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. அணைந்துவிட்டது.

பாப்பாவுக்குக் காது இரண்டும் சூடாயின. மறுபடியுமா? அதே இடத்திலா? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மொழிப்பாட சார் உள்ளே வந்து கொண்டிருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள்.

அதற்குள் ஸ்பீக்கர் கரகரத்தது. “மன்னிக்கணும். இன்னும் முடியல,” என்றார் நூலக மிஸ். மூச்சிரைத்தது, அலுவலக அறைக்கு ஓடியிருக்க வேண்டும். பின்னால் ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பாப்பாவின் குரல் மறுபடி வந்தது. “…கடைசி அத்தியாயத்துல எ-எழுதினவரு நம்மள ஏமாத்திட்டாரு…” வகுப்பு கேட்டது. கதவருகே சாரும் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்று கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கே மிஸ்ஸிடம் விளக்கம் கேட்டு எழுத்தில் ஒரு நோட்டீஸ் போனது. அதற்காக பாப்பா அவரை மன்னித்துவிடவில்லை. அடுத்த பதிவுக்குக் கூப்பிட்டபோது, “யோசிச்சுச் சொல்றேன்,” என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அந்தப் பதிவு வந்த அன்று மாலை, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருத்தி அவள் வழியை மறித்தாள். பக்கத்து வகுப்பில் எல்லோரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் பெண். கையில் அந்த நாவல். நடுவில் பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

“உனக்கு அறிவிருக்கா?” என்றாள் நெட்டை. “நான் பாதிதான் படிச்சிருக்கேன். முடிவு ஏமாத்துன்னு ஸ்கூலுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்ட. இனிமே எனக்கு எப்படிப் படிக்கத் தோணும்?”

பாப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நான் தி-திருடன் யாருன்னு சொல்லலையே!”

“ஏமாத்துன்னு சொன்னாலே பாதி தெரிஞ்ச மாதிரிதான்!”

“அது எ-எச்சரிக்கை! கெ… கெ… கெ…”

நெட்டை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் முழுக்க எரிச்சல். ஆனால் அது பாப்பாவின் வாதத்தின் மீதான எரிச்சல். பதில் சொல்ல அவளுக்கு அவசரம். எதற்குப் பதில் என்று முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் எப்படி மடக்குவது? அதனால் காத்திருந்தாள்.

“கெட்ட முடிவுன்னா மு-முன்னாடியே சொல்றதுதான் நியாயம்.”

“ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் நெட்டை உடனே. “சரி, திருடன் அந்த மேனேஜர்தானே? அதை மட்டும் சொல்லு.”

“சொ-சொல்ல மாட்டேன், போடி,” என்றாள் பாப்பா. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கேட் வரைக்கும் சண்டை போட்டபடியே போனார்கள்.